மந்திரிக்கு விட்ட மருந்து

டொக்டருக்குச் சிங்களம் வசதியா, இங்கிலிஷ் வசதியா? எனக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழ் உங்களுக்கு வராது என்பதை அன்றைக்கே கவனித்துவிட்டேன். குறையாகச் சொல்லவில்லை. உத்தியோக காலம் முழுக்கத் தமிழ் தெரியாதவர்களுடைய தமிழாகவே இருந்து பென்ஷன் எடுத்தவன் நான். சிங்களத்திலேயே சொல்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். இருக்காது.

என்னை ஞாபகமோ தெரியாது. என் பெயர் நாகேந்திரம். போன மாதம் ஒரு நாள் இரவு, வெள்ளவத்தையிலிருந்து ஒரு மஞ்சள் கடுவன் பூனையைப் பழக்கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்தோம். வலிப்பு. வாயில் நுரை. நீங்கள் சேர்ட் கையை மடித்துக்கொண்டு மிகவும் பாடுபட்டீர்கள். அப்போது என்னிடம் ஒன்று கேட்டீர்கள்: பூனையின் தோலில் மருந்து ஏதாவது பூசினீர்களா, விட்டீர்களா? இல்லை என்றேன். அந்தப் பதிலைத் திருத்த வந்திருக்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை. பூனை அன்றைக்கே செத்துவிட்டது.

அவசரம் வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறது. நரைத்த தலை என் மனைவி பாலேஸ்வரி. பக்கத்தில் முக்காடு போட்டிருப்பவர் எங்கள் பக்கத்து வீட்டு ஜவாஹிறா. அன்றைக்கு நீங்கள் என்ன கேட்டீர்கள், நான் என்ன பதில் சொன்னேன் என்று உங்களிடமே கேட்க என் மனைவி வந்திருக்கிறாள். அவளுக்குச் சிங்களமும் தெரியாது, இங்கிலிஷும் தெரியாது. ஆகவே ஜவாஹிறாவைக் கூட்டி வந்திருக்கிறாள். கட்டின புருஷன் அரசாங்க மொழிபெயர்ப்பாளன், தரம் ஒன்று. அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டி வருகிறாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் உள்ளே வருமுன் உங்களுக்கு முழு விசயமும் தெரிந்திருப்பது நல்லது, அவ்வளவுதான்.

என் வேலை சுற்றுநிருபங்களைத் தமிழாக்குவது. மாட்டுவண்டிக்குப் பின்விளக்குப் பூட்டுவது, கந்தோர்க் கதிரைகளுக்கு இலக்கம் அடிப்பது, இப்படியான உலகப் பெரிய விசயங்கள். என் தமிழை வாசித்தவர்கள் இரண்டு பேர்: முதலில் அச்சுக்கோப்பவர், பிறகு கறையான். எங்களுக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். கோட்டுப் போடாமல் மலசலகூடத்துக்கும் போகமாட்டார். என் தாளைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நாகேந்திரம், தமிழ் நீளமாயிருக்கிறது, தாளில் இடம் போதாது, ஒரு வரியை எடுத்துவிடும்" என்பார். எந்த வரியை என்று அவர் சொன்னதில்லை. அவருக்குத் தமிழ் தெரியாதே. நான் பார்த்து ஒன்றை எடுத்துவிடுவேன். பென்ஷன் எடுக்கும்வரை ஒருவரும் வந்து, அந்த வரி எங்கே என்று கேட்டது கிடையாது. ஒரு வரி குறைந்தாலும் உலகம் நடக்கும் என்று அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

பூனைக்கு மந்திரி என்று பெயர் வைத்தவன் என் மகன் சிவமணி. நாள் முழுக்க நித்திரை, சாப்பாட்டு நேரம் மட்டும் விழிப்பு, எந்த மடியில் சூடு இருக்கிறதோ அந்த மடிக்குத் தாவல். பெயர்ப் பொருத்தம் பார்த்துத்தான் வைத்தான்.

சிவமணி இப்போது இல்லை. எங்கே என்று கேட்காதீர்கள். கேட்கக்கூடிய இடமெல்லாம் நானே கேட்டு முடித்துவிட்டேன். போன வருசம் ஒரு விசாரணைக்கென்று வரச்சொன்னார்கள். எந்த இடம் என்று நான் சொல்லவில்லை. இந்த நாளையில் இடங்களின் பெயரை விட்டுவிட்டுக் கதைக்க எங்கள் எல்லோருக்கும் நன்றாக வரும். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டை கட்டிக்கொண்டு போனேன். ஓய்வுபெற்ற உத்தியோகத்தன் டை கட்டி வந்தால் ஒரு மரியாதை இருக்கும் என்று நினைத்தேன். அவனை உள்ளே அழைத்தார்கள். என்னை வாங்கில் இருக்கச் சொன்னார்கள். பிறகு வேறொருவர் வந்து எழும்பச் சொன்னார். அப்படி ஒருவர் இங்கே வரவேயில்லையே என்றார். மிக மரியாதையாகச் சொன்னார், டை வீண்போகவில்லை.

அன்றையிலிருந்து பாலேஸ்வரி என்னோடு கதைப்பதில்லை.

எங்கள் ஆட்களில் ஒரு பழக்கம் இருக்கிறது, டொக்டர். பெண்சாதிக்குப் புருஷனில் கோபம் என்றால் பிள்ளையை நடுவில் வைத்துக் கதைப்பாள். "அப்பாட்டைச் சொல்லு, சோறு போட்டாச்செண்டு." அப்பா அந்தப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். பிள்ளை அப்படியே திருப்பிச் சொல்லும். இரண்டொரு நாளில் கோபம் ஆறிவிடும். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை கனடாவில். மற்றப் பிள்ளை நான் சொன்னது போல. ஆகவே அவள் பூனையைப் பிடித்துக்கொண்டாள்.

"மந்திரி, காஸ் முடிஞ்சுதெண்டு அப்பாட்டைச் சொல்லு."

நான் போய்க் காஸ் சிலிண்டர் எடுத்து வருவேன். முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு நானும், "மந்திரி, காஸ் வந்திட்டுதெண்டு அம்மாட்டைச் சொல்லு" என்று சொல்லத் தொடங்கினேன். என் வாழ்க்கையில் எனக்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளர் வாய்த்தது அப்போதுதான். சம்பளம் நெத்தலி.

சில நாட்களில் எனக்குச் சொல்லச் சொல்லாமல் பூனையோடு மட்டும் கதைப்பாள். அது வேறு மாதிரி. சிவமணியின் கட்டிலில் இருந்துகொண்டு, அதன் தலையைத் தடவிக்கொண்டு, சாதாரணக் குரலில். "அவன் வந்து தட்டுற சத்தம் உனக்குத் தெரியும் என்ன. முதல் ரெண்டு, பிறகு ஒண்டு. அவனை ஆர் கூட்டிக்கொண்டு போனதெண்டும் உனக்குத் தெரியும். நீ பல்கனியிலை இருந்து பாத்தனி எல்லே." நான் முன்னறையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு இருப்பேன். பேப்பருக்கு மேலால் பார்த்தால் பூனை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். பூனைகள் எதையும் அப்படித்தான் பார்க்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் படித்தவர். நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டேன், ஒரு வருசத்துக்கு மேல்.

இதற்கிடையில் எங்கள் மகள் கௌரி கனடாவிலிருந்து எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தாள். பேப்பர் எல்லாம் வந்துவிட்டது. அதற்கு ஒரு தவணை உண்டு, தவணைக்குள் போய் இறங்காவிட்டால் கடுதாசிதான் மிச்சம். எனக்கும் களைத்துவிட்டது. கடைக்குப் பாண் வாங்கப் போகிற மனிசன், அடையாள அட்டை இருக்கிறதா, பொலிஸ் பதிவுத் துண்டு இருக்கிறதா என்று பொக்கற்றைத் தடவித் தடவிப் போகிற வாழ்க்கை. நான் போகத் தயார்.

"மந்திரி, நாங்கள் போனால், அவன் வந்து தட்டேக்கை ஆர் கதவைத் திறக்கிறது? உனக்குப் பூட்டு எட்டாது" என்றாள்.

வரமாட்டாள் என்பதுதான் அதன் அர்த்தம். கௌரி ஞாயிறுக்கு ஞாயிறு ரெலிபோனில் அழுவாள். அவள் அழுவதை நான் மந்திரியிடம் சொல்ல, மந்திரி கேட்டுவிட்டுக் கொட்டாவி விடும். இப்படியே தவணை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தெள்ளுப்பூச்சி வந்தது. மழை விட்டுப் புழுக்கம் எடுத்தால் வரும், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மந்திரி உடம்பைப் பிய்த்துக்கொண்டது. பாலேஸ்வரியின் கணுக்கால் எல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டது. வேப்பிலை அவித்துத் துடைத்தாள். தெள்ளுக்கு அது குளிப்பு வார்த்தது போல.

எங்கள் மேல்மாடியில் கதிர்காமநாதன் என்று ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற இஞ்சினியர், மாடிவீட்டுச் சங்கத் தலைவர். தண்ணீர்த் தாங்கி கழுவுகிற நாளில்கூடத் தலைமையுரை உண்டு. அவரிடம் ஒரு அல்சேஷன் நாய். குட்டியில் அதற்கு டைகர் என்று பெயர். நாடு இருக்கிற நிலையில், காலிவீதிப் பக்கம் ஆமி நிற்க, பல்கனியில் நின்று "டைகர், டைகர், எங்கை போட்டாய்" என்று கூப்பிடுவது உசிதமல்ல என்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. முன்மொழிந்தவர் அவரேதான். அன்றையிலிருந்து நாய் டோனி. நாய் மட்டும் தீர்மானத்தை ஏற்கவில்லை, டோனி என்றால் திரும்பியும் பாராது.

அந்த டோனிக்கு லண்டனிலிருந்து மகன் மருந்து அனுப்புவான். சின்ன பிளாஸ்டிக் குப்பி. கழுத்தில் விட்டால் உண்ணி, தெள்ளு எல்லாம் போய்விடும். ஒரு குப்பி கேட்கப் போனேன். அவர் அதை விபூதி கொடுப்பது போல எடுத்துத் தந்தார்.

"ஐசே நாகேந்திரம், இது உங்கை வெள்ளவத்தைக் கடையளிலை விக்கிற பவுடர் இல்லை. ரிசேர்ச் பண்ணிச் செய்த சாமான். பூனைக்கு விடலாமோ எண்டு எனக்குத் தெரியாது. பெட்டியோடை கொண்டுபோம். நீர்தானே ட்ரான்ஸ்லேட்டர், வாசிச்சுப் பாரும்."

மாடிப்படியில் நின்று வாசித்தேன். பெட்டியில் ஒரு பூனைத் தலை, அதற்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கீழே இங்கிலிஷில், பூனைக்குப் பாவிக்க வேண்டாம், பூனைக்கு உயிராபத்து. அடுத்த வரியில், தவறிப் பட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி மிருக வைத்தியரிடம் கொண்டுபோகவும். பழக்கதோஷத்தில் மனதுக்குள் தமிழாக்கினேன். "மரணம் விளைவிக்கவல்லது" என்று முதலில் வந்தது. அதில் கந்தோர் மணம். "உயிரைப் பறிக்கும்" என்றால் பின்னேரப் பேப்பர். கடைசியில், "பூனைக்கு ஆகாது, கொன்றுவிடும்" என்று அமைந்தது. உத்தியோகத்தில் இருந்த காலத்தில் இவ்வளவு சுத்தமான ஒரு வரி எனக்கு வந்ததில்லை. இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். பிறகு பெட்டியைக் கிழித்து, படியடிக் குப்பை வாளிக்குள் போட்டுவிட்டு, குப்பியையும் உள்ளே இருந்த துண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். நாய்ப் படம் போட்ட பெட்டி எங்களுக்கு எதற்கு.

பாலேஸ்வரி அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் பொடி இங்கிலிஷ் எழுத்து.

"மந்திரி, இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு அப்பாட்டைக் கேள்."

"மந்திரி, தெள்ளுக்கு நல்ல மருந்தாம். கழுத்திலை மயிரைப் பிரிச்சு, தோலிலை படுற மாதிரி விடட்டாம்."

"எவ்வளவு விடுறதாம்?"

"முழுக்க."

நான் சொன்னது ஒவ்வொன்றும் அந்தத் துண்டில் இருந்ததுதான். முழுக்குப்பியும் நாற்பது கிலோ நாய்க்கு என்பதும் அதிலே இருந்தது. இடம் போதவில்லை.

நான் விடவில்லை, டொக்டர். பூனை என் கைக்கு வராது. அவள்தான் மடியில் வைத்து, ஒரு கையால் நாடியைச் சொறிந்துகொண்டு, மற்றக் கையால் மயிரைப் பிரித்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். "கொஞ்சம் பொறு ராசா, கடியெல்லாம் போயிடும்." மந்திரி கண்ணை மூடிக்கொண்டு குறுகுறுத்தது. நான் ஜன்னலடியில் நின்று கடலைப் பார்த்தேன். அவளை எப்படியாவது இந்த ஊரிலிருந்து எடுக்கவேண்டும் என்பதுதான் என் எண்ணம். அந்தக் கட்டிலிலிருந்து எழுப்பவேண்டும். ஒரு நாள் அழுவாள். ஒரு கிழமை அழுவாள். பூனைதானே. வலி இருக்கும் என்று அந்தத் துண்டில் எழுதியிருக்கவில்லை. நானும் அதை யோசிக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் முதலில் காது துடித்தது. ஈ மொய்க்கிறது என்று பாலேஸ்வரி விசிறினாள். பிறகு முதுகுத் தோல் அலை அலையாக ஓடியது. குளிர்கிறது என்று சிவமணியின் பெட்சீற்றை எடுத்துச் சுற்றினாள். பிறகு நாலு காலும் இழுத்தது. அவள் என்னிடம் வரவில்லை, ஜவாஹிறாவின் கதவைத்தான் தட்டினாள். ஜவாஹிறாவின் புருஷன் மஜீட் ஓட்டோ பிடித்துத் தந்தார்.

வழியில் ஆமி மறித்தது. ஒரு பொடியன், துவக்கின் நுனியால் கூடையின் மூடியைக் கிளப்பினான். உள்ளே மந்திரி வளைந்து கிடந்து உதறியது. அவன் முகம் மாறிவிட்டது. "அனே, பவ்," என்றான். அடையாள அட்டை கேட்கவில்லை. தானே வீதியில் இறங்கி முன்னால் நின்ற வாகனங்களை விலக்கி, "யன்ன, யன்ன" என்று எங்களை அனுப்பினான். பாலேஸ்வரி அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாவம் என்பது ஒரு வருசமாக எந்தக் கந்தோரிலும் எங்களுக்குக் கிடைக்காத சொல்.

இனி நடந்தது உங்களுக்குத் தெரியும். அதாவது, சிங்களத்தில் நடந்தது தெரியும். தமிழில் நடந்ததை நான் சொல்கிறேன்.

நீங்கள் தோலில் ஏதும் மருந்து விட்டீர்களா என்று கேட்டீர்கள். என் மனைவி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பூனையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி, "என்னவாம் கேக்கிறார்?" என்றாள்.

என்னிடம் கேட்டாள், டொக்டர். பூனையிடம் இல்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எப்ப தொடங்கினதெண்டு கேக்கிறார்," என்றேன்.

"விளக்கு வைக்கேக்கை. அந்த மருந்தை விட்ட பிறகுதான் எண்டு சொல்லுங்கோ. மருந்தின்ரை பேரையும் சொல்லுங்கோ."

நான் உங்கள் பக்கம் திரும்பி, மருந்து ஒன்றும் விடவில்லை, ஒழுங்கையில் எலிப்பாசாணம் எதையாவது தின்றிருக்கும் என்றேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு அதற்கான ஊசியை எடுத்தீர்கள்.

"சொல்லியாச்சோ?"

"சொல்லியாச்சு."

உங்கள் பின்னறைக் கதவு திறந்திருந்தது. குழாயும், தொட்டியும், தொட்டி விளிம்பில் ஒரு பச்சைச் சவர்க்காரமும் இருந்தன. பார்த்துக்கொண்டுதான் நின்றேன். உங்களில் பிழையில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்டதை வைத்து நீங்கள் செய்தீர்கள், எல்லோரும் அப்படித்தான். அந்த நேரம் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது என்று சொன்னால் நீங்கள் பிழையாக எடுப்பீர்கள். அவள் கேட்கிறாள், நான் சொல்கிறேன். நான் சொல்கிறேன், அவள் தலையாட்டுகிறாள். சிவமணி இருந்த காலத்தில் ஆஸ்பத்திரிக்கு, பாங்குக்கு, பாஸ்போட் கந்தோருக்கு என்று நாங்கள் போய்வந்தது போல. மந்திரி முடிகிற வரைக்கும் அவள் என்னோடுதான் கதைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் கதைத்தாள். "சாப்பிட வாங்கோ" என்றாள். மகனின் கட்டிலைத் தட்டி விரித்தாள். ஞாயிறு கௌரி எடுத்தபோது ரெலிபோனைத் தானே வாங்கி, "வாறம் பிள்ளை. இஞ்ச இனி ஆர் இருக்கினம்" என்றாள். என் கணக்கு அவ்வளவு சரியாக வந்தது. சூட்கேஸ் இரண்டும் முன்னறைக்கு வந்துவிட்டன.

கெடுத்தவர் சங்கத் தலைவர் கதிர்காமநாதன்தான். துக்கம் விசாரிக்க வந்தார். நாலு முழ வேட்டி, சால்வை. பூனைச் சாவுக்குச் சால்வை போட்டு வந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை பாலேஸ்வரி, பிறந்த சீவன் எல்லாம் ஒருநாள் போகத்தான் வேணும். ஐசே நாகேந்திரம், அந்தக் குப்பியைப் பூனையிலை விடேல்லைத்தானே? உமக்குக் குடுத்த கதையைச் சொல்ல, மோன் ரெலிபோனிலை சன்னதம் ஆடிப்போட்டான். பூனையிலை பட்டால் ஆள் முடிஞ்சுதாம். பெட்டியிலையே பூனைப் படம் போட்டுச் சிவப்பாலை வெட்டிக் கிடக்காம். நான் கண்ணாடி போடாமல் அதைக் கவனிக்கேல்லை. நீர் பாத்திருப்பீர், என்ன?"

"ஓம், பாத்தனான்," என்றேன். வேறென்ன சொல்வது. எனக்கு வாசிக்கத் தெரியாதென்றா?

படத்தைப் பார்த்தவன் மருந்தை விட்டிருக்கமாட்டான் என்று அவர் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாலேஸ்வரி கோப்பையை எடுத்து உள்ளே வைத்தாள். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். அவள் வாசற் கதவைத் திறந்துபோட்டபடியே ஜவாஹிறா வீட்டுக்குப் போனாள். அவர்கள் கதவும் திறந்திருந்தது. எங்கள் மாடியில் ஒரு வீட்டில் தும்மினால் மற்ற வீட்டில் கேட்கும். பூனையைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஜவாஹிறா, போன வருசம் ரெண்டு பேர் வந்து எங்கட வாசல்லை நிண்டு இவரோடை சிங்களத்திலை கதைச்சவை. நீ அப்ப உன்ர வாசல்லை நிண்டனி. என்ன சொன்னவை?"

"ஏன் அக்கா, இப்பயா அதக் கேக்குற?"

"சொல்லு."

"நாளக்கி மகனக் கூட்டிட்டு வாங்க, கொஞ்ச நாளக்கி வெச்சி விசாரிக்க வேண்டி வரும், மாத்துடுப்பு கொண்டாங்க எண்டு செல்லின. ஒங்களுக்குத் தெரியும் எண்டுதானே நாங்க நெனச்ச. ஐயா செல்லல்லயா?"

பிறகும் ஜவாஹிறாதான் கதைத்தாள்.

"மஜீட் அண்டைக்கே ஐயாட்ட வந்து கேட்டாரே. எங்கட வேன்ல தம்பியப் புத்தளத்துல எங்கட மாமி வீட்டுல கொண்டுபோய் உடுறேன், அங்க ஒத்தரும் வரமாட்டாங்க எண்டு. வேணாம் எண்டு செல்லினாரே, அக்கா. ஒங்களோட கதச்சித்தான் செல்லுறார் எண்டு நாங்க நெனச்ச."

அன்றைக்கு நான் அவளுக்குத் தமிழில் சொன்னது, "நாளைக்கு ஒருக்கா வந்து கையெழுத்து வைச்சிட்டுப் போகட்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் வந்திடலாம்" என்பது. கையெழுத்தும் உண்டு என்றுதான் அவர்கள் சொன்னார்கள். மாத்துடுப்பு வரியைத்தான் விட்டேன். அதைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவள் மகனை மஜீட்டின் வேனில் ஏற்றியிருப்பாள். அடுத்த நாள் அந்த இரண்டு பேரும் வந்து மாடிவீடு முழுக்கப் பார்க்க, நாகேந்திரம் மகனை ஒளித்துவைத்தான் என்று கதிர்காமநாதன் வாயில் விழ வேண்டும். என் பெயரில் ஒரு குற்றம் குறை இல்லாமல் பென்ஷன் எடுத்தவன் நான். ஒளிக்கிறவன் குற்றவாளி. நாங்கள் குற்றவாளிகளா? அவள் பயந்துவிடுவாள் என்றுதான் விட்டேன். அவளுடைய நிம்மதிக்காகத்தான்.

ஜவாஹிறா வீட்டிலிருந்து வந்தவள் ஒரு சூட்கேஸை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். என்னுடையதை முன்னறையில் விட்டுவிட்டாள். அன்றைக்கு ஒன்றும் கதைக்கவில்லை, சுவரோடுகூட. இன்றைக்குக் காலையில் ஜவாஹிறாவும் அவளும் வெளிக்கிட, நானும் வந்தேன். வாங்கில் வைத்து, "நீங்கள் இருங்கோ, முதல் நான் போய் டொக்டரோடை கதைச்சிட்டு வாறன்" என்றேன். அவள் தடுக்கவில்லை. தடுக்கிற அளவுக்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லைப் போல.

ஆகவே, டொக்டர், பூனையைக் கொன்றது நான். தெரிந்துகொண்டுதான் செய்தேன். வாசித்து, தமிழாக்கி, அதன் பிறகு செய்தேன். மருந்து விட்ட விரல் அவளுடையது, அந்த விரலை அவள் இப்போது பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்பதும் தெரியும். மகனையும் நான்தான் என்று அவள் நினைக்கிறாள். அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நான் அவளுக்கு ஒரு பொய்யும் சொன்னவனில்லை. சொல்லியாச்சோ என்றாள், சொல்லியாச்சு என்றேன். எதைச் சொல்லியாச்சு என்று அவள் கேட்கவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவளுக்கு வயது போய்விட்டது. தவணைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கடைசி விசயத்தையும் தெரிந்துகொண்டு அவள் என்ன செய்யப்போகிறாள்? நீங்கள் உயிர்களைப் பார்க்கிறவர், உங்களுக்கு விளங்கும். அவளைக் கூப்பிடுங்கள். ஜவாஹிறா வெளியே இருக்கட்டும். நல்ல பிள்ளைதான், ஆனால் இந்த வேலையில் பயிற்சி இல்லை, காதில் விழுவதையெல்லாம் அப்படியே சொல்லிவிடுவாள். நீங்கள் விரும்பியதைச் சொல்லுங்கள், டொக்டர், ஒன்றையும் மறைக்க வேண்டாம். பாலேஸ்வரிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.